தாமரைக்கோழியின் நான்கு முட்டைகள்

என் கணவர் இருபத்தாறு வருஷம் சார்ஜாவில் ஒரு கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன வருஷம் வைகாசிக் கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துசேர்ந்தார். அதற்கு முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். அந்த இரண்டு மாதமும் வீடு கல்யாண வீடுபோல இருக்கும். விருந்து, சொந்தக்காரர்கள், திற்பரப்பு அருவிக்கு ஒரு நாள், கடற்கரைக்கு ஒரு நாள். சண்டை போட யாருக்கும் நேரம் இருக்காது. இந்தத் தடவை லீவு முடியவே இல்லை. பதினைந்து நாள் போனபிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்த மனிதரோடு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

ஒரே மகள். அவளைத் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கோட்டாற்றில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் முதலில் கை வைத்தது என் அடுக்களையில். ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டி, பழைய மிளகை முன்வரிசையிலும் புதிய மிளகைப் பின்வரிசையிலும் அடுக்கி வைத்திருந்தார். தாளிப்பதற்கு எண்ணெயைக் காயவைத்துவிட்டு நான் கடுகைத் தேடித் தேடி, கடைசியில் எண்ணெய் புகைந்துபோயிற்று.

“இது குடோன் இல்ல, அடுக்கள” என்றேன்.

“எல்லாத்துலயும் எழுதி ஒட்டியிருக்கேனே, வாசிச்சா என்ன?” என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஆளுக்கொரு பக்கம் இருந்து சாப்பிட்டோம்.

அந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரையோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். “தனியா விடாதீங்க, நீங்களும் கூட நடங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் உடம்பின் கனத்தையும் அவர் கண்டிருப்பார்.

கோட்டாற்றுத் தெருக்களில் நடப்பது என்பது நடப்பதே இல்லை. பத்தடிக்கு ஒரு கடை. கடைக்கு ஒரு தெரிந்தவர். “எப்ப வந்திய?” என்று முதலில் ஒரு கேள்வி. பதில் சொல்லி முடிப்பதற்குள் “எப்ப போறிய?” என்று அடுத்தது. இனி போகவில்லை என்று சொன்னால் ஏன், என்ன ஆச்சு, கம்பெனி மூடியாச்சா என்று நீண்டுகொண்டே போகும். மூன்றாம் நாள் பாதி வழியில் நின்று, “நான் இனி இந்தத் தெருவுல நடக்க மாட்டேன்” என்றார்.

சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கிறது. பறவைகள் வருகிற குளம். வனத்துறை போர்டு வைத்து, கரையில் நடைபாதை போட்டு, பாதையோரம் ஒரு பார்வைக் கோபுரமும் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இறங்கியது இல்லை. அங்கே போகலாம் என்றேன்.

“எதுல போறது?” என்றார்.

“ஸ்கூட்டர்லதான்.”

“எனக்கு ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சே.”

“நீங்க ஓட்ட வேண்டாம். பின்னால இருங்க.”

மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவதற்காகப் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் ஓட்டப் படித்தேன். அவருக்கு அது தெரியும். ஆனால் என் பின்னால் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். இடலாக்குடி தாண்டும்வரை என் தோளை அவர் பிடித்திருந்த பிடியில் மூன்று நாளைக்கு வலி இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் “பைய, பைய” என்றார். ஆனால் சுசீந்திரம் பாலம் வந்தபோது பிடி கொஞ்சம் தளர்ந்தது.

குளம் அன்றைக்கு நிறைந்து கிடந்தது. பாதிக்குமேல் தாமரை இலை. கரையோரம் கோரைப்புல். தண்ணீரில் நட்ட குச்சிகளின்மேல் நீர்க்காக்கைகள் சிறகை விரித்தபடி நின்றன. காற்றுக்கு ஒரு ஈர மணம் இருந்தது. என்னோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று, “எப்ப வந்திய, எப்ப போறியன்னு கேக்க இங்க யாரும் இல்ல” என்று சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் அவர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு உப்பளத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்குமாம். பஸ் நிற்காது. சன்னல் வழியே ஒரு ரோஸ் நிறக் கோடு போலத் தெரிந்து மறையுமாம். என்றைக்காவது ஒருநாள் இறங்கிப் பார்க்கலாம் என்று இதை வாங்கி வைத்தாராம். ஒருநாளும் இறங்கவில்லை. பெட்டியைப் பிரித்ததே இப்போதுதான்.

பைனாகுலர் அவரிடம்தான் இருந்தது. பார்த்தது என்னவோ நான். வெறும் கண்ணுக்கே எனக்கு எல்லாம் தெரிந்தது. “அந்தா பாருங்க, கோரைக்குள்ள ஒரு நீலக் கோழி” என்பேன். அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, “எங்கட்டி? எனக்கு வெறும் பச்சையாத் தெரியுது” என்பார். அதற்குள் கோழி உள்ளே போய்விடும். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

எங்கள் திண்டாட்டத்தைப் பார்த்துத்தான் டீச்சர் எங்களிடம் பேச வந்தார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வயதுதான் இருக்கும். தினமும் காலையில் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் சின்ன நோட்டோடு குளத்தைச் சுற்றி வருவார். “முதல்ல வெறுங்கண்ணால பறவையப் பாருங்க. கண்ண எடுக்காம கண்ணாடியக் கொண்டுவந்து கண்ணுல வையுங்க. நீங்க கண்ணாடிய வச்சுக்கிட்டு பறவையத் தேடுதிய” என்றார். என் கணவர் அதை ஒரு சின்னப் பையன் மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். நாலைந்து நாளில் வசப்பட்டுவிட்டது.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கோபுரத்தின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. உடம்பு சாக்லேட் நிறம், முகம் வெள்ளை, பிடரியில் பொன் பூசியது போல ஒரு மினுக்கம். பின்னால் வாள்போல வளைந்த நீளமான வால். அது எழுந்து நகர்ந்தபோது அடியில் நான்கு முட்டைகள். வார்னிஷ் அடித்த மரக்கட்டை மாதிரி பளபளப்பான கபில நிறம். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மிதக்கிற இலையின்மேல் ரெண்டு புல் துணுக்கு, அவ்வளவுதான்.

“நீளவால் இலைக்கோழி. தாமரைக்கோழின்னும் சொல்லுவாங்க” என்றார் டீச்சர், நோட்டில் குறித்துக்கொண்டே. “எலைமேல நடக்கதுக்குத் தக்க நீள விரலு பாத்தியளா?”

“தாய்க்கோழிக்குத்தான் எவ்வளவு பொறும” என்றேன் நான்.

டீச்சர் சிரித்தார். “அது தாயில்ல, தகப்பன். பெண்கோழி முட்டைய இட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும். வேற சேவலத் தேடி, வேற எடத்துல முட்டையிடும். அடைகாக்கதும் குஞ்ச வளக்கதும் முழுக்க ஆணு வேல.”

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. “அப்படின்னா எங்க வீட்டுக்கு நேர்மாறு. இங்க நான் அடைகாத்தேன், இவங்க பறந்து போயிட்டாங்க” என்றேன்.

டீச்சர் குலுங்கிச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் வளைவுகளில் “பைய” என்றுகூடச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு எங்கேயோ போய்த் தைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துவிடத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து நடை குறைந்து பார்வை கூடியது. கோபுரத்துக்கு வந்ததும் முதல் வேலை அந்தக் கோழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அது ஒருநாளும் நெடுநேரம் எழுந்து போகவில்லை. வெயில் ஏறினால் சிறகைக் கொஞ்சம் விரித்து நிழல் கொடுத்தது. நீர்க்கோழி பக்கத்தில் வந்தால் பூனைபோலக் கத்திக்கொண்டு விரட்டியது. என் கணவர் சொந்த வீட்டு விஷயம் மாதிரி கவலைப்பட ஆரம்பித்தார். சாப்பிடும்போது, “இப்ப வெயிலு நல்லா அடிக்கும், என்ன?” என்பார். யாரைப் பற்றி என்று நான் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் நாங்கள் போனபோது, லாரி டியூப் ஒன்றின்மேல் படுத்தபடி ஒரு ஆள் தாமரைக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தார். மொட்டுப் பறித்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறவர். நாற்பது வயது இருக்கும். அவர் கையால் இலையை விலக்கி விலக்கி, நேராக எங்கள் கோழி இருக்கிற பக்கமாக வந்தார்.

என் கணவர் கோபுரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பினார். “ஹலோ! ஹலோ, பிரதர்! ஸ்டாப், ஸ்டாப்! அங்க போவாத!” என்று அவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. கிடங்கில் லாரி பின்னால் வரும்போது இப்படித்தான் கத்துவார்போலும். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அந்த ஆள் டியூபை நிறுத்தித் தலையைத் தூக்கினார். “என்னத்துக்கு அண்ணாச்சி கெடந்து விளிக்கிய?”

“அங்க முட்டை இருக்கு! தாமரைக்கோழி முட்டை!”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார் அவர் நிதானமாக. “அது முட்டையிட்ட அண்ணையிலேருந்து அந்தப் பக்கம் நான் கையே வைக்கல்ல. அங்க எத்தன பூவு விரிஞ்சு கெடக்குன்னு நீங்களே பாருங்க. மத்த எடத்துல மொட்டாப் பறிச்சாச்சு. அங்க யாரு பறிச்சா?”

நாங்கள் பார்த்தோம். உண்மைதான். குளம் முழுக்க வெறும் இலை. கோழியைச் சுற்றி ஒரு வட்டத்தில் மட்டும் பூக்கள் விரிந்து நின்றன. தினமும் அதைப் பார்த்து எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, ஏன் அங்கே மட்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவர் டியூபைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். என் கணவரின் முகம் சிவந்துவிட்டது. கீழே இறங்கி, அந்த ஆள் கரையேறும்வரை அரைமணி நேரம் காத்துநின்றார். பிளாஸ்க்கிலிருந்த சாயாவை அவருக்கு ஊற்றிக் கொடுத்து, “தம்பி, தெரியாமச் சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்கிடாத” என்றார்.

“அதுல என்ன அண்ணாச்சி. கோழிக்கு ஒரு சொந்தக்காரரு கூட இருக்காருன்னு வச்சுக்கிடுதேன்” என்றார் அவர். சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனியே போடல்லியா?” என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, நல்ல மழை. இரண்டு நாள் வெளியே இறங்க முடியவில்லை. அவர் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். மூன்றாம் நாள் காலையில் தூறல் நிற்காமலே, “போவோமா?” என்றார். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பின்னாலிருந்து அவர் பிடித்த குடை காற்றில் இரண்டு தடவை மடங்கித் திரும்பியது.

குளத்தில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. கோழி இருந்த இடத்தில் இலையும் இல்லை, கோழியும் இல்லை. வெறும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. என் கண்ணால் குளம் முழுக்கத் தேடினேன். எதுவும் தட்டுப்படவில்லை. அவர் பைனாகுலரை இறக்கி மார்பில் தொங்கவிட்டுவிட்டு, கோபுரத்தின் படியில் ஈரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

தண்ணீரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “நம்ம மவ பொறந்த அண்ணைக்கு நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாதுல்லா?”

“சொன்னாத்தானே தெரியும்.”

“டைல்ஸ் லோடு வந்து நிக்குது. ஆபீஸ் போனுக்கு உன் வாப்பா விளிச்சுச் சொன்னாவ. பெண்பிள்ள, ரெண்டு பேரும் சொகம்னு. சரின்னு போன வச்சிட்டு லோடு எண்ணப் போனேன். நாலு தடவ எண்ணியும் நாலு கணக்கு வருது. அதுக்கு முன்னால எனக்கு எண்ணிக்க தப்புனதே கெடையாது. பொறவு, அட்டப்பெட்டி அடுக்கியிருக்க பக்கம் போயி, யாருக்கும் தெரியாம அதுக்க நடுவுல இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேன். நீ அண்ணைக்கு டீச்சர்ட்ட சொன்னது சரிதான். ஆனா பறந்து போனவனுக்கு அங்க சொகமா இருந்துச்சுன்னு நெனச்சிராத.”

“நான் அப்படி ஒருநாளும் நெனச்சதில்ல” என்றேன். அது உண்மை. ஆனால் அதை அவரிடம் நானும் ஒருநாளும் சொன்னதில்லை. மகளுக்கு ஒன்றரை வயதில் அவர் முதல் தடவையாக வந்தபோது, அவள் அவரைக் கண்டு அலறி என் சேலைக்குள் ஒளிந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். படியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்குமேல் பொது இடத்தில் இதெல்லாம் என்ன என்று ஒரு வெட்கமும் வந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து தாமரை பறிக்கிறவரின் குரல் கேட்டது. “அண்ணாச்சி! கோழியத் தேடுதியளா? அது எடம் மாறியாச்சு. கெழக்கால, அந்தக் காஞ்ச குச்சிக்குப் பொறத்த பாருங்க. நேத்து மழைக்குள்ள நான் கண்ணால கண்டேன். முட்டைய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, பின்னால பின்னால நடந்து, ஒண்ணொண்ணா எலமேல உருட்டிக் கொண்டுபோச்சு. ஒண்ணு தண்ணியில போச்சு. மூணு இருக்கு.”

காய்ந்த குச்சிக்குப் பின்னால் பார்த்தோம். நனைந்து ஒட்டிய இறகோடு, வாலைத் தண்ணீரில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் கோழி உட்கார்ந்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று என் கணவர் சொன்ன சத்தம் கீழே நின்றவருக்கே கேட்டிருக்கும்.

குஞ்சு பொரித்ததை முதலில் கண்டது நான் இல்லை, அவர்தான். மழை விட்டுப் பத்து நாள் இருக்கும். நானும் டீச்சரும் கீழே நடைபாதையில், ஒரு முக்குளிப்பான் எங்கே மூழ்கி எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து அவர், “ஏட்டி! ஓடி வா! நம்ம கோழிக்கு எட்டு காலு!” என்று கூப்பிட்டார். மனிதருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூச்சுவாங்க மேலே ஏறி, பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். கோழி இலைமேல் நின்றது. அதன் இரண்டு சிறகுக்கு அடியிலும் மெல்லிய நூல்போல நீளநீளமாகக் கால்கள் தொங்கின. எண்ணினேன். அதன் சொந்தக் காலோடு சேர்த்து எட்டு. மூன்று குஞ்சுகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அது அந்த இலையிலிருந்து இந்த இலைக்கு நடந்தது. அங்கே வந்து சிறகைத் தளர்த்தியதும் மூன்றும் பொத்துப்பொத்தென்று விழுந்து, உடனே எழுந்து, தாங்களாகவே இரை தேடின.

டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கைதட்டினார்.

மூன்றில் ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு நாளில் பருந்து கொண்டுபோய்விட்டது. இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற இரண்டும் வளர்ந்தன.

புரட்டாசியில் மகள் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் எங்களோடு இருக்க வந்தாள். அவளையும் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவளுக்கும் வாப்பாவுக்கும் இடையில் இருந்ததெல்லாம் போன் பேச்சுத்தான். சாப்ட்டியா, படிச்சியா, நல்லாருக்கியா. மூன்று கேள்வி, மூன்று பதில், பிறகு போன் என் கைக்கு வந்துவிடும். அவர் வீட்டுக்கே வந்தபிறகும் அவள் கூப்பிட்டால் அதே மூன்று கேள்விதான்.

அன்றைக்குக் கோபுரத்தில் அவர் அவள் கையில் பைனாகுலரைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டி, முட்டை, மழை, டியூப், எட்டுக் கால் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கோழி பின்னால் நடந்து முட்டையை உருட்டியதை அவரே பின்னால் நடந்து காட்டினார். தாமரை பறிக்கிறவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். மகள் என் காதருகில் வந்து, “உம்மா, வாப்பாவுக்கு இவ்வளவு பேச்சு வருமா?” என்றாள்.

“எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றேன்.

அவள் அவரிடம் திரும்பி, “அப்ப உம்மாக்கோழி எங்க வாப்பா? முட்டைய இட்டுட்டுப் போனது திரும்பிப் பாக்கவே இல்லியா?” என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் குளத்தைப் பார்த்தார். என் கணவர், “அதுக்கு அங்க என்ன பாடோ? அதும் சும்மா இருந்திருக்காது மக்கா” என்றார். மகள் அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றுகொண்டாள்.

திரும்பும்போது அவர் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. மகளின் வண்டியில் ஏறினார். சுசீந்திரத்தில் ரசவடை தின்னலாம் என்று ஏற்பாடு. நான் தனியாகப் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் வயல். அவர் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி நீட்டி, அந்தா நத்தைகுத்தி, இந்தா அரிவாள்மூக்கன் என்று காட்டிக்கொண்டே போனார். அவர் காட்டும்போதெல்லாம் அவள் வண்டியை மெதுவாக்கினாள். எனக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு வேனும் வரிசையில் சேர்ந்து ஹார்ன் அடித்தன. அவர்கள் இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவே இல்லை.